கம்பியைப் பிடிக்காத கண்டக்டரும் மில்லுக்காரன் தொண்டையும்

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். அப்பாவை எலும்பு டாக்டரிடம் ரிவ்யூவுக்குக் கூட்டிப்போய், காட்டிவிட்டு, திரும்பக் கூட்டிவர வேண்டும்.

கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வருவது மாதிரி வேலை. கொத்தமல்லி வாங்கப் போனால் நான் புதினாவோடு வருகிற ஆள் என்பது வேறு விஷயம்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லிலிருந்து கொடைரோடு பக்கம் ஓடிய தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். தோளில் பை, வாயில் விசில், விரலிடுக்கில் டிக்கெட். வேலை பார்த்த காலம் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்ததே இல்லை என்பது அவருடைய பெருமை. "டிரைவர் பிரேக் போட்டா பாசஞ்சர் பூராம் முன்னாடி போய் விழுவான். நான் நிப்பேன்" என்பார்.

அப்படிப்பட்டவர் ஆடாத அசையாத பாத்ரூமில் விழுந்துவிட்டார்.

எப்படி என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். எப்படியும் ஊருக்கே தெரிந்துபோன விஷயம். குளித்துவிட்டு, சுவரைப் பிடிக்காமல், ஒற்றைக் காலில் நின்று ஜட்டி போட்டிருக்கிறார். ஒரு கால் உள்ளே போய்விட்டது. இன்னொரு கால் போகிற வழியில் எலாஸ்டிக்கில் மாட்டிக்கொண்டது. பக்கத்திலேயே கம்பி இருந்தது. நான்தான் மாட்டி வைத்திருந்தேன். அவர் பிடிக்கவில்லை. கண்டக்டர் அல்லவா.

இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். வெளியில் இருந்த கம்பியைப் பிடிக்காதவருக்கு அவர்களால் முடிந்தது அதுதான்.

மயக்கம் தெளிந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி வலியைப் பற்றி இல்லை.

"ஏலே, ஆருகிட்டயும் சொல்லிட்டியா?"

"எதைப்பா?"

"அந்த... துணி விஷயத்த."

"இல்லப்பா."

"ஒரு பயகிட்டயும் சொல்லக் கூடாது. எம்மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

இங்கே என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் நானே படித்துக்கொண்டேன். நூல் அறுந்தால் ஒட்டுவது, அறாத நேரத்தில் வாழ்க்கையை நினைத்து வருத்தப்படுவது, இரண்டும் எனக்கு நன்றாக வரும். மெஷின் சத்தத்தில் பேசிப் பேசி என் தொண்டை எங்கேயும் ஒரே மாதிரிதான் திறக்கும். சாமி கும்பிட்டால்கூட பக்கத்து வீட்டுக்கு என் வேண்டுதல் தெரியும்.

"ஏங்க, வீட்டுல நாலு பேருதான் இருக்கோம். நாலு தெருவுக்குப் பேசாதீங்க" என்பது என் மனைவி செல்வி தினமும் சொல்வது.

அந்தத் தொண்டையை நம்பித்தான் அப்பா ரகசியத்தைக் கொடுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் விசாரிக்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஹார்லிக்ஸ், ரொட்டி, ஆரஞ்சு. கூடவே ஆளுக்கு ஒரு செத்துப்போன சொந்தக்காரர். "எங்க பெரியப்பாவும் இப்படித்தான் விழுந்தாரு. நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாரு. அடுத்த பொங்கலுக்கு இல்ல" என்று சொல்லி, ஆரஞ்சில் ஒன்றை அவர்களே உரித்துத் தின்றுவிட்டுப் போவார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் தவறாமல் கேட்டது ஒன்று: "எப்படி விழுந்தீக?"

அப்பா ஆளுக்குத் தகுந்த மாதிரி விழுந்தார்.

எதிர்வீட்டுக்காரருக்கு, சந்தைக்குப் போகையில் காலேஜ் பயல் பைக்கில் வந்து மோதினான். தங்கச்சியின் மாமியாருக்கு, ரோட்டில் நின்ற கன்றுக்குட்டியைக் காப்பாற்றப் போய் விழுந்தார். அவருடைய பழைய டிரைவர் பாண்டி மாமாவுக்கு, ஓடுகிற பஸ்ஸில் இருந்து இறங்கும்போது சறுக்கியது.

இதில் யாருக்கு எது என்பதை நானும் செல்வியும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் தங்கச்சி மாமியாரும் எதிர்வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள்.

"பாவம், கன்னுக்குட்டிக்காக இம்புட்டுப் பாடு" என்றார் அந்த அம்மா.

"கன்னுக்குட்டியா? பைக்குல்ல?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அப்பா கண்ணை மூடித் தூங்குவது மாதிரி நடித்தார். நான்தான் சமாளித்தேன். "கன்னுக்குட்டிய இழுத்து விட்டாரு. அந்த நேரம் பார்த்து பைக்குக்காரன் வந்துட்டான்."

அவர்கள் போன பிறகு அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "நல்லாருக்கு. இதையே வச்சுக்குவம்."

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. சிரிப்பில்லாத விஷயம், அப்பா நடக்கவில்லை.

வாக்கர் வாங்கி வைத்திருந்தோம். அதன் கைப்பிடியில் சுற்றிய பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்க விடவில்லை. "நாலு காலு வச்சு நடக்குறதுக்கு நான் என்ன ஆடா?" செல்வி அதில் துண்டு காயப்போட ஆரம்பித்துவிட்டாள்.

போன தடவை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "எலும்பு கூடிடுச்சு. பிரச்சினை எலும்புல இல்ல. அடுத்த தடவை அவர் தானா நடந்து என் ரூமுக்குள்ள வரணும். இப்படியே படுத்துக் கிடந்தா முதுகுல புண்ணு, நெஞ்சுல சளி. அப்புறம் எந்திரிக்கவே மாட்டாரு. பார்த்துக்கங்க."

பார்த்துக்கொள்ளச் சொன்னது யாரை? என்னை. படிக்காமலே படித்தவனை.

போனில் தேடித் தேடிப் படித்தேன். விழுந்த பெரியவர்களுக்கு மனதை எப்படித் தேற்றுவது என்று வீடியோ பார்த்தேன். உற்சாகப்படுத்த வேண்டுமாம். அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தபோது கைதட்டினேன்.

"சூப்பர்ப்பா!"

"ஏலே, பச்சப்பிள்ள கக்கா போனாத்தான் இப்படிக் கை தட்டுவாய்ங்க."

கண்ணாடியைப் பார்த்து 'என்னால் முடியும்' என்று தினமும் சொல்ல வேண்டுமாம். கையில் கண்ணாடியைக் கொடுத்தேன். அப்பா வெகுநேரம் பார்த்தார். "மீச ஒரு பக்கம் இறங்கிருக்கு, கத்திரிய எடு" என்றார்.

ஒரு நாள் காலையில் ஷிப்ட் முடிந்து வந்தபோது அவர் விழித்திருந்தார். ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"பஸ்ஸுல வயசானதுக ஏறும் பாரு. ஒரு கால வச்சு, நின்னு, யோசிச்சு, அப்புறம் இன்னொரு கால வைக்கும். நான் விசில வாயில வச்சுக்கிட்டு, ஏறு, ஏறு, சீக்கிரம் ஏறுன்னு விரட்டுவேன்."

"ம்."

"பயந்துதான் ஏறியிருக்குக போல."

அதற்கு எந்த வீடியோவிலும் பதில் இல்லை. நான் போய்ப் பல் விளக்கினேன்.

இப்போது ரிவ்யூ நாளுக்கு வருகிறேன்.

ஷிப்ட் முடிந்து நேராக வீட்டுக்கு வந்து, தூங்காமல் கிளம்பினேன். ஆட்டோக்காரர் ஜோசப் அண்ணன் தெரிந்தவர். அப்பாவைப் பிளாஸ்டிக் சேரோடு தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். அப்பா சாமி ஊர்வலத்தில் சாமி இருப்பது மாதிரி எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். வாக்கர் பாலித்தீன் உறையோடு முன்சீட்டில் வந்தது.

ஆஸ்பத்திரியில் வீல்சேரில் வைத்து உள்ளே தள்ளி, ஹாலில் பெஞ்சில் உட்காரவைத்து, வாக்கரையும் முன்னால் நிறுத்தினோம். ஜோசப் அண்ணன் வெளியே ஆட்டோவில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஹால் முழுக்க எங்கள் கேஸ்தான். எல்லாருக்கும் இடுப்பு, தொடை, முட்டி. எல்லாருடைய முன்னாலும் ஒரு வாக்கர்.

அப்பாவுக்கு இடது பக்கம் தாடிக்கொம்பிலிருந்து வந்த ஒரு அம்மா. மூக்குத்தி, வெற்றிலை, கூட மருமகள். வலது பக்கம் ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்த கவுண்டர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

"ஏனுங்க, நீங்க எப்படி விழுந்தீங்க?" என்று கவுண்டர் ஆரம்பித்தார்.

அப்பா தொண்டையைச் செருமினார். தான் பழைய கண்டக்டர் என்பதில் இருந்து தொடங்கினார். கன்றுக்குட்டியும் பைக்கும் சேர்ந்து வந்தன. இந்த முறை பைக்கில் மூன்று பேர்.

"அடேயப்பா" என்றார் கவுண்டர். "நமக்கு மண்டியிலதானுங்க. கேரளாவுக்கு லோடு ஏத்துறப்ப முருங்கைக்காய் மூட்ட சரிஞ்சிருச்சு. ஆளுங்கள ஒதுக்கி விட்டுட்டு நானே தாங்கிப் பிடிச்சேனுங்க."

"நான் பழனிக்குப் பாதயாத்திரை போனேன்" என்றார் தாடிக்கொம்பு அம்மா. "முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே போறேன், கல்லு தட்டிருச்சு. அவன் குடுத்த அடின்னு வச்சுக்கிட்டேன்."

ஆகா, மூன்று பேரும் என்னமாய் விழுந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஃபேன் காற்று நன்றாக வந்தது. அதுதான் எனக்குக் கடைசியாக ஞாபகம் இருப்பது.

தூங்கிவிட்டேன்.

கனவில் மில். மெஷின் ஓடுகிறது. சூப்பர்வைசர் என் தோளைத் தட்டி ஏதோ கேட்கிறார். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடி தட்டுகிறார்.

தட்டியது பிசியோதெரபி மேடம். கையில் அப்பாவின் ஃபைல். "சார், இந்தப் பேஷண்ட்டோட நீங்கதான வந்தது? எப்படி விழுந்தாருன்னு கொஞ்சம் சொல்லுங்க."

மேலதிகாரி கேட்டால் உண்மையை உரக்கச் சொல்லிப் பழகிய உடம்பு. கண்ணைத் திறப்பதற்கு முன்னாடியே வாய் திறந்துவிட்டது.

"ஒத்தக் கால்ல நின்னு ஜட்டி போட்டாருங்க! ஒரு காலு உள்ள போயிருச்சு, ஒரு காலு எலாஸ்டிக்ல மாட்டிக்கிருச்சு!"

ஹாலில் இருந்த எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. உள்ளே டாக்டர் ரூமில் பேச்சு நின்றது. மருந்து கொடுக்கிற ஜன்னலில் இருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

நான் முழுதாக விழித்தபோது, அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் எடுக்காமல் மாட்டியவனை அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"அப்பா..."

வாக்கரை இழுத்தார். இரண்டு கையாலும் பிடித்தார். எழுந்தார்.

நான் பிடிக்கப் போனேன். "கிட்ட வந்த, இதாலயே அடிப்பேன்" என்றார். சத்தம் போடாமல் சொன்னார். அதனால்தான் நின்றுவிட்டேன்.

வாக்கரைத் தூக்கி வைத்தார். ஒரு கால். நின்றார். இன்னொரு கால். பாலித்தீன் உறை கரகரவென்று சத்தம் போட்டது. ஹாலைத் தாண்டி, கதவைத் தாண்டி, சரிவில் இறங்கி, ஆட்டோ வரைக்கும் போய் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு, ஓடுகிற கோழியைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி போனேன்.

"ஜோசப்பு, வண்டிய எடு."

"தம்பி வரட்டும்யா."

"எந்தத் தம்பி?"

ஜோசப் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து உள்ளே எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். நான் மட்டும் போய் டாக்டர் முன்னால் நின்றேன்.

"பேஷண்ட் எங்க?"

"ஆட்டோவுல இருக்காருங்க."

"ரிவ்யூ முடியாம ஏன் தூக்கிட்டுப் போனீங்க?"

"தூக்கலைங்க. நடந்து போயிட்டாரு."

"யாரு பிடிச்சுக்கிட்டது?"

"ஆரும் இல்லைங்க. பிடிச்சா அடிப்பேன்னாரு."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு ஜன்னல் வழியாக ஆட்டோவைப் பார்த்தார். "அப்படியே திரும்ப நடந்து வரச் சொல்லுங்க. நான் நடையப் பார்க்கணும். இன்னைக்கு வந்துட்டாருன்னா இனிமே நடந்துருவாரு. வரலைன்னா பழையபடி கட்டில்தான்."

போய்ச் சொன்னேன். செருப்பைத் தவிர எல்லாவற்றையும் வைத்துத் திட்டு வாங்கினேன். கடைசியில் அப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"அம்புட்டுப் பேரு முன்னாடி எப்படிடா மறுபடி நடந்து போவேன்? அதுக்கு நான் படுத்தே கிடந்துட்டுப் போறேன்."

சும்மா சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நான் படித்த அத்தனையும் மூளைக்குள் தேடினேன். கைதட்டுவதையும் கண்ணாடியையும் தவிர எதுவும் அகப்படவில்லை.

பின்னால் டக், டக் என்று சத்தம். தாடிக்கொம்பு அம்மா வாக்கரோடு வாசல் கதவு வரைக்கும் வந்துவிட்டார். மருமகள் பின்னால் பதறிக்கொண்டிருந்தாள்.

"யோவ் கண்டக்டரு, உள்ள வாய்யா."

அப்பா திரும்பவில்லை.

"நான் மட்டும் என்ன, பாதயாத்திரையிலயா விழுந்தேன்? பூன கருவாட்டத் தூக்கிருச்சுய்யா. நெய்மீன் கருவாடு. விடுவனா? தொரத்துனேன். அது சொவரத் தாண்டிக் குதிச்சுது. நானும் குதிச்சேன்."

"அத்த!" என்றாள் மருமகள்.

"என்னடி அத்த? குதிச்சது நானு. கருவாடும் போச்சு, காலும் போச்சு."

அப்பாவின் தோள் லேசாக ஆடியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கிட்டப்போய்ப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"இந்தாளும் மூட்ட தூக்கல, இப்பத்தான் எங்கிட்ட ஒத்துக்கிட்டாரு" என்று அந்த அம்மா ஹாலுக்குள் கை காட்டினார். "நீங்களே சொல்லுங்க கவுண்டரே."

உள்ளே இருந்து கவுண்டரின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "பேத்தி போன்ல ஏதோ ரீலுங்கறாளுங்க... ஒரு ஸ்டெப்பு மட்டும் ஆடுங்க அப்புச்சின்னாளுங்க... இடுப்ப வெட்டி ஆடோணுமாமுங்க."

"வெட்டுனீங்களா?" என்று கேட்டது அப்பா. ஆட்டோவுக்குள் இருந்தபடியே.

"வெட்டுனேனுங்க. அது அப்படியே வெட்டிக்கிச்சுங்க."

ஹாலே சிரித்தது. மேடம் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்பா இறங்கினார். வாக்கரை ஊன்றினார். சரிவு ஏறினார். ஒரு கால், நின்று, யோசித்து, இன்னொரு கால். வாசல் நிறைய கூட வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. நான் பல வருடமாகக் கேட்காத ஒரு குரல் வந்தது.

"படியில நிக்காத, உள்ள தள்ளிப் போ! முன்னாடி அம்புட்டு இடம் கெடக்குல்ல!"

மொத்தக் கூட்டமும் உள்ளே தள்ளிப் போனது. மருந்து ஜன்னலில் பணம் கட்டிக்கொண்டிருந்தவரும் போனார். மேடமும் போனார்.

கதவருகில் தாடிக்கொம்பு அம்மா திரும்ப முடியாமல் வாக்கரோடு தடுமாறிக்கொண்டிருந்தார். அப்பா அவருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"மெதுவாப் போங்கம்மா. வண்டி நிக்கும்."

டாக்டர் ரூம் வரைக்கும் நடந்தே போனார். நான் யாருக்கும் தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தூக்கக் கலக்கம்.

டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். "நல்லா வந்துட்டாரு. வீட்டுல எப்படித் தயார் பண்ணுனீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார். "அவன் பேசாம இருந்தாலே போதும்ங்க."

இப்போது அப்பா தினமும் காலையில் தெருமுனை டீக்கடை வரைக்கும் வாக்கரில் போய் வருகிறார். பாலித்தீன் உறையைப் பிரித்தாயிற்று. செல்விக்குத் துண்டு காயப்போட இடமில்லை.

எப்படி விழுந்தீர்கள் என்று டீக்கடையில் கேட்பவர்களுக்கு இப்போது புதுக் கதை ஓடுகிறது. கன்றுக்குட்டி இல்லை, பைக் இல்லை. நான்தான் அவரைத் தள்ளிவிட்டேனாம்.

நேற்று ஷிப்ட் முடிந்து அந்த வழியாக வரும்போது டீக்கடைக்காரர் நிறுத்தினார். "ஏப்பா, பெத்த தகப்பனப் போயி இப்படியா தள்ளுவ?"

பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். கையில் டீ, பக்கத்தில் வாக்கர். என்னையே பார்த்தார்.

"ஏதோ கோவத்துலண்ணே" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.